எட்டு வீடு, ஒரு சம்ப்: சென்னைக் குடியிருப்பு ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

கீழே கார் நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. கேட்டை ஒட்டித் தரைக்கடியில் 15,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப், பின்சுவர் ஓரம் ஓர் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், மொட்டை மாடியில் காங்கிரீட் டேங்க். வேளச்சேரி, நங்கநல்லூர், பெரம்பூர் என்று எங்கே போனாலும் தெருவுக்குப் பத்து நிற்கும் வகைக் கட்டிடம். அப்படிப்பட்ட ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்து, ஒரு நாள் தண்ணீர் எந்தெந்த வழியாகப் போகிறது என்று இங்கே கணக்குப் போட்டிருக்கிறோம். எண்கள் எல்லாம் பக்கெட்டும் கடிகாரமும் இருந்தால் யாரும் சரிபார்க்கக்கூடியவை. உங்கள் கட்டிடத்து எண் வேறாக இருந்தால் அதை அங்கே போட்டுக்கொள்ளலாம். கணக்கு முறை மாறாது.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு பல வீட்டுச் சமையலறைகளில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுக் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பக்கெட்டைப் பார்த்துப் பார்த்து எடுத்து ஊற்றும் அதே வீட்டில், ஃப்ளஷ் டேங்க் சத்தமே இல்லாமல் அதைப்போல ஆறு மடங்கை ஒழுகவிட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணில் படும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம், படாததை விட்டுவிடுகிறோம். ஒழுகல் முதலில், குழாயின் வேகம் அடுத்து, மறுபயன்பாடு மூன்றாவதாக. இந்த வரிசை மாறினால் உழைப்பு பெரிதாகவும் பலன் சிறிதாகவும் போகும்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

பழைய 10 லிட்டர் ஃப்ளஷ் டேங்க், ஆளுக்கு ஐந்து முறை: 200 லிட்டர். குளியல் பக்கெட்டும் மக்கும்தான்; ஆளுக்கு 30 லிட்டர் வீதம் 120. டாப் லோட் வாஷிங் மெஷின், மூன்று நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு 120 லிட்டர். நாள் சராசரி 80. பாத்திரம் தேய்க்க 70, வாஷ் பேசின் 45, சமையலும் குடிநீரும் 20, ஆர்.ஓ. கழிவு 23, தரை துடைக்க 12. ஆக 570 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று ஓர் அளவு உண்டு. நான்கு பேருக்கு அது 540. நம் வீடு சற்றுத்தான் தாண்டியிருக்கிறது, ஊதாரி வீடு அல்ல.

எட்டு வீட்டுக்கும் 4,560 லிட்டர். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் வராத, போர் வறண்ட ஒரு மே மாதத்தில் 12,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டரை நாளில் காலி. இதில் ஒழுகல் சேரவில்லை.

இரவு பதினொன்றுக்கு ஒரு டேப்

ஒழுகலைப் பிடிக்க மீட்டர் தேவையில்லை. மேல் டேங்கின் உள்தரை 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 40 லிட்டர் போயிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, டேங்க் வாய் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இரும்பு டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரும் பால் காய்ச்ச எழுவதற்கு முன், மறுபடி அளக்கவும். இரவில் இரண்டு மூன்று பேர் பாத்ரூம் போவார்கள். அதற்கு 40, 50 லிட்டர் கழித்துவிடலாம். மீதி 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஆறு மணி நேரத்தில் 160 லிட்டர், நாளுக்கு 640. ஒரு முழு வீட்டுத் தண்ணீரை விட அதிகம்.

எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்க்க, மறுநாள் இரவு மொட்டை மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் லைன்களின் வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு அளக்க வேண்டும். அப்போதும் மட்டம் இறங்கினால் டேங்கிலேயே விரிசல், அல்லது அடியில் கழுவி விடும் வால்வு ஒழுகுகிறது. இறங்கவில்லை என்றால் இரவுக்கு ஒரு லைனாகத் திறந்து பார்த்தால் குற்றவாளி மாட்டும். இங்கே ஒரு தொல்லை உண்டு. பழைய கேட் வால்வுகள் பத்து வருடமாகத் தொடப்படாமல் உப்பு பூத்து இறுகியிருக்கும். பலம் கொண்டு திருகினால் தண்டு உடையும், அன்றைக்கே பிளம்பரைத் தேட வேண்டிவரும். பகலில், பிளம்பர் இருக்கும்போது ஒருமுறை எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து, மூடாதவற்றைக் கால் சுற்றில் மூடும் பால் (ball) வால்வாக மாற்றிவிட்டு அப்புறம் இரவுச் சோதனைக்குப் போவது புத்திசாலித்தனம்.

சம்புக்கும் இதே சோதனை, ஆனால் இரண்டு பருவத்தில். கோடையில் மட்டம் இறங்கினால் சுவரில் விரிசல், தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. கார்த்திகையில், மோட்டாரும் ஓடாமல் தண்ணீரும் வராமல் இருக்கும்போது மட்டம் *ஏறினால்* விஷயம் வேறு: வெளியே நிலத்தடி நீர் உயர்ந்து அதே விரிசல் வழியாக உள்ளே வருகிறது. பக்கத்தில் கழிவுநீர் லைனோ செப்டிக் டேங்கோ இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். அது மிச்சம் பிடிக்கும் பிரச்சினை அல்ல, வயிற்றுப் பிரச்சினை. உடனே இறைத்து, கழுவி, விரிசலை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

இன்னொரு இடம் சம்பின் வாயில் உள்ள மிதவை வால்வு. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் அது முழுசாக மூடாவிட்டால் சம்ப் நிரம்பி வழியும். வழிவது தெருவில் ஓடினால் யாராவது கத்துவார்கள். ஓவர்ஃப்ளோ குழாயைச் சில கட்டிடங்களில் நேராகச் சாக்கடையில் இணைத்திருப்பார்கள். அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் குழாயின் முனை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மேல் டேங்கின் ஓவர்ஃப்ளோவுக்கும் இதுவே. மோட்டாரை அணைக்க மறக்கும் வாட்ச்மேனைத் திட்டுவதை விட, மட்டம் பார்த்துத் தானே அணையும் கன்ட்ரோலர் ஒன்றைப் போட்டுவிடலாம்.

கேசரி பவுடர்

வீட்டுக்குள் வந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் ஃப்ளஷ் டேங்க். சொட்டும் குழாய் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் 20 லிட்டர்தான். ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பர் தேய்ந்தால் பீங்கானின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக இறங்கும். நிமிடத்துக்கு 100 மில்லி, அதாவது அரை டம்ளர் என்று வைத்தாலும் நாளுக்கு 144 லிட்டர். எட்டு வீட்டில் இரண்டு வீட்டு டேங்க் இப்படி இருந்தால் மாதத்துக்கு 8,640 லிட்டர், ஏறக்குறைய முக்கால் லாரி.

சோதனைக்கு வேண்டியது சமையலறையிலேயே இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டுக் குச்சியால் கலக்கிவிடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே பீங்கானில் தேங்கியிருக்கும் தண்ணீரில் ஆரஞ்சு நிறம் வந்தால் ஒழுகல் உறுதி. மஞ்சள்தூள் போடாதீர்கள், அது கரையாமல் அடியில் படிந்து கறையாகும். சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் முன்பக்கப் பொத்தான் தகட்டைக் கழற்றி அந்த வழியாகப் போடலாம்.

நிறம் வந்துவிட்டது, எந்தப் பாகம் கெட்டிருக்கிறது? டேங்கின் உட்சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டு, டேங்குக்குத் தண்ணீர் வரும் வழியில் கீழே உள்ள ஆங்கிள் வால்வை மூடி அரை மணி காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அடி ரப்பர். இறங்காமல் அப்படியே நின்றால் கோளாறு மேலே: தண்ணீர் விடும் மிதவை வால்வு மூடாமல், உபரி நடுக்குழாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது. முதலில் மிதவையின் உயரத்தைக் குறைத்து, மட்டம் அந்த நடுக்குழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி செய்து பார்க்கவும். பாதிக் கேஸ் அதோடு முடிந்துவிடும்.

அடி ரப்பர் என்றால் ஆங்கிள் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து காலியாக்கி, நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்றுத் திருப்பித் தூக்கினால் வந்துவிடும். அடியில் மோதிரம்போல ஒரு ரப்பர். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் அதில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தால் போதும். டாய்லெட் ஆசிட் ஊற்றினால் ரப்பர் கெட்டுப்போகும். டேங்குக்குள் போடும் நீல வில்லைகளில் குளோரின் வகையும் ரப்பரை அரிக்கும். ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்பெனிக்கு ஓர் அளவு என்பதால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். 'ஸ்டாண்டர்ட் சைஸ்' என்று கொடுப்பதை நம்பி வந்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

ஃப்ளஷ் அளவைக் குறைக்க டேங்கில் செங்கல் வைக்கச் சொல்வார்கள். செங்கல் ஊறிக் கரைந்து, அந்தத் தூள் இப்போது சொன்ன ரப்பரில் போய் உட்காரும். மணல் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை, மிதவை தட்டாத மூலையில் நிறுத்தினால் 10 லிட்டர் 8 ஆகும். வீட்டுக்கு நாளுக்கு 40 லிட்டர் மிச்சம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 10 லிட்டருக்கென்று வார்த்த பழைய பீங்கான் 6 லிட்டரில் சுத்தமாகாது. இரண்டு முறை ஃப்ளஷ் செய்தால் 12 ஆகிவிட்டது. ஆறுக்கும் மூன்றுக்கும் இரட்டைப் பொத்தான் வைத்த டேங்கை மாட்டுவதானால் அதற்கேற்ற பீங்கானையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பெரியது நான்கு சிறியது என்று வைத்தால் ஆளுக்கு 18 லிட்டர், வீட்டுக்கு 72. இருநூறிலிருந்து 128 லிட்டர் குறைகிறது. ஒரே மாற்றத்தில் ஒரு வீட்டுக்கு இதை விடப் பெரிய மிச்சம் இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் வரப்போவதில்லை. பாத்ரூம் உடைத்துக் கட்டும் வருடத்தில் செய்துவிடுவது நல்லது, அதற்கென்று தனியாக உடைப்பது கஷ்டம்.

மேல் மாடிக்கு வேறு ஏரேட்டர்

பத்து லிட்டர் பக்கெட் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 600ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரும். 67 நொடி என்றால் 9 லிட்டர். பாத்திரம் தேய்க்கும்போது மொத்தம் எட்டு நிமிடம் குழாய் திறந்திருந்தால் 72. முனையில், காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் ஏரேட்டர் மாட்டி அதை 4 லிட்டராக்கினால் அதே எட்டு நிமிடத்துக்கு 32. காய்ந்த பாத்திரங்களை முன்கூட்டியே ஊறப்போட்டுவிட்டு, குழாயை மூடி வைத்துத் தேய்த்து, கடைசியில் மொத்தமாக அலசினால் இன்னும் குறையும். வேலைக்கு வரும் அக்காவிடம் 'தண்ணியைக் கம்மியா விடுங்க' என்று தினமும் சொல்வதை விட ஏரேட்டர் மரியாதையானது.

கட்டிடம் முழுக்க ஒரே ஏரேட்டரை மொத்தமாக வாங்கி மாட்டுவதுதான் அசோசியேஷன்கள் செய்யும் தவறு. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நம் கட்டிடத்தில் முதல் மாடிக் குழாய்க்கு மேலே 13 மீட்டர் தண்ணீர் நிற்கிறது: 1.3 கிலோ. நான்காம் மாடிக்கு 4 மீட்டர்தான்: 0.4 கிலோ. முதல் மாடியில் அழகாக நுரைத்து வரும் அதே ஏரேட்டர் நான்காம் மாடியில் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். மூன்றாம் நாள் அந்த வீட்டார் அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்கள். மேல் மாடிக்கு ஒன்றும் வேண்டாம், அல்லது அதிகம் விடும் வகை. கீழ் மாடிகளுக்குக் குறைவாக விடும் வகை. மரையைப் பார்த்து வாங்க வேண்டும்: குழாய் முனையில் வெளிமரையா உள்மரையா என்பது முதல் கேள்வி. மரையே இல்லாத பழைய குழாய்க்கு அடாப்டர் கிடைக்கும், ஆனால் நிற்காது, குழாயையே மாற்றிவிடலாம். சம்ப் கழுவிய மறுநாள் ஏரேட்டர் வலையில் மணல் சிக்கும், மாதங்கள் போகப் போக உப்பு அடைக்கும். இரண்டுக்கும் கழற்றி உதறி வினிகரில் போடுவதுதான் வைத்தியம்.

குளியலில் நம் வீட்டில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கெட்டும் மக்கும் ஷவரை விடச் சிக்கனம்.

எந்தத் தண்ணீர் எங்கே

மறுபயன்பாட்டுக்கு ஒரே விதி: வெவ்வேறு தண்ணீரை ஒரே டிரம்மில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் கலந்தால் எல்லாமே மோசமான தண்ணீரின் தரத்துக்கு இறங்கிவிடும்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். மறுநாள் புளித்து நாறும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் எண்ணெயும் எச்சமும் கலந்தது. அதைத் திரும்பப் பயன்படுத்த முயல வேண்டாம், சாக்கடைக்கே போகட்டும்.

ஆர்.ஓ. கழிவில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வீட்டு இயந்திரம் உள்ளே போகும் தண்ணீரில் சுமார் 30 சதவீதத்தைக் குடிக்கத் தருகிறது என்று வைத்தால், 10 லிட்டர் குடிநீருக்கு 23 லிட்டர் வெளியே வரும். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கரைந்த உப்பின் அளவு, 900, குடிநீரில் 50 என்றால் கழிவில் கணக்குப்படி ஏறத்தாழ 1,260 இருக்கும். உப்பு எங்கும் போகவில்லை, சுருங்கிய தண்ணீரில் திரண்டு நிற்கிறது. தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற, பாத்திரத்தை முதலில் ஊறப்போட இது சரி. செடிக்குத் தினமும் ஊற்றினால் தொட்டி மண்ணின் மேல் வெள்ளை பூத்து, இலை நுனி கருகும். கார் கழுவினால் புள்ளி விழும். இதைத் திரும்பச் சம்பில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நாளுக்கு நாள் மொத்தச் சம்பும் உப்பேறும். 'கழிவு அதிகம் வருகிறதே' என்று கழிவுக் குழாயைக் கிளிப் போட்டு நெருக்குவதும் கூடாது. உப்பு, வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேனில் படிந்து, மிச்சம் பிடித்த தண்ணீரின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ஆர்.ஓ. வேண்டுமா என்பது. குடிநீருக்கான இந்தியத் தரம் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது. சம்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்காமல், சமையலறைக் குழாய்க்கு நல்ல தண்ணீர் தனி லைனில் வருமானால் முதலில் டி.டி.எஸ். அளக்கும் பேனா மீட்டரை முக்கிப் பாருங்கள். 500க்குக் கீழே என்றால் காய்ச்சுவதோ புற ஊதா விளக்கு வகையோ போதும். 23 லிட்டர் கழிவு என்ற பேச்சே இல்லை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் வைத்த பழைய சென்னை வீடுகள் இந்த விஷயத்தில் நம்மை விட விவரமானவை.

ஏ.சி. தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதனால் உப்பே கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் கொடுக்கும். குடிக்கக் கூடாது, சுருளின் தூசும் பாசியும் அதில் உண்டு. அதே காரணத்தால் இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் ஊற்ற வேண்டாம், பலர் ஊற்றுகிறார்கள் என்றாலும். செடிக்கு அருமை. பத்து லிட்டர் ஆர்.ஓ. கழிவோடு பத்து லிட்டர் ஏ.சி. தண்ணீரைக் கலந்தால் டி.டி.எஸ். 650க்கு அருகில் வந்துவிடும். அப்போது அந்தக் கழிவும் செடிக்குப் போகலாம். கலக்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. கேனில் விடும்போது குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் குழாயில் காற்று அடைத்து, தண்ணீர் அறைக்குள் சுவரில் வழியும்.

வாஷிங் மெஷின் டிரம்

டாப் லோட் இயந்திரம் 120 லிட்டரைச் சுமார் 40 லிட்டர் வீதம் மூன்று முறை வெளியேற்றும்: சோப்புத் தண்ணீர், முதல் அலசல், கடைசி அலசல். முதலிரண்டை விட்டுவிடுங்கள். கடைசி அலசல் மட்டும் டாய்லெட்டுக்கும் மாடிப்படி கழுவவும் போதுமான சுத்தம். நாள் சராசரி 27 லிட்டர்.

பிடிப்பதற்கு ஒரு நீல டிரம் என்று எல்லோரும் தொடங்குவார்கள். 200 லிட்டர் டிரம்மின் உயரம் 90 சென்டிமீட்டரைத் தாண்டும். பம்ப் வைத்த இயந்திரங்களில் வெளியேற்றுக் குழாயின் முனை பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதனால் டிரம் விளிம்பு சரியான உயரம்தான். ஆனால் குழாயை டிரம்முக்குள் ஆழமாக விட்டுவிட்டால், இயந்திரம் நின்ற பின் பிடித்த அழுக்குத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுத் துணிகளுக்கே திரும்பி வரலாம். முனையை விளிம்பில் கொக்கியாக மாட்டி, கட்டுக்கம்பியால் கட்டி, டிரம்மை முக்காலுக்கு மேல் நிரப்பாமல் வைக்க வேண்டும். பம்ப் இல்லாமல் கீழே தானாக வடியும் மாடல்களுக்கு டிரம் ஒத்துவராது. வடிகுழாயைத் தரையில் வைத்த அகலமான டப்பில்தான் விட முடியும், அல்லது இயந்திரத்தையே மேடை கட்டி உயர்த்த வேண்டும்.

டிரம்மில் இருப்பதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். டிடர்ஜென்ட்டும் உடல் அழுக்கும் கலந்த தண்ணீர் ஒரு நாள் மூடிக் கிடந்தால் காற்றில்லாமல் கிருமி பெருகி, அழுகிய முட்டை வாடை வரும். மறுபயன்பாட்டுத் திட்டங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த வாடையால்தான். திறந்து வைத்தால் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது என்பதால், வெறுமனே கவிழ்ப்பது போதாது. வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

குளியல் தண்ணீரைப் பிடித்து வைப்பதை இந்தக் கட்டிடத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. எட்டு வீட்டுக்கு 960 லிட்டர் என்பது கவர்ச்சியான எண்தான். ஆனால் பழைய கட்டிடத்தில் குளியலறையும் டாய்லெட்டும் ஒரே குழாயில் இறங்குகின்றன. பிரிக்க வேண்டுமானால் நான்கு மாடிச் சுவரையும் உடைக்க வேண்டும். தரைத்தளத் தனி வீடு என்றால் கதை வேறு. குளியலறைத் தண்ணீரை மட்டும் வெளியே இழுத்து, ஜல்லியும் மணலும் போட்ட பாத்தியில் விட்டு, கல்வாழையோ வாழையோ வைத்தால் வேர்கள் பார்த்துக்கொள்ளும். கீரைப் பாத்தியில் விடக் கூடாது. வேளச்சேரி மாதிரிக் களிமண்ணில் தேங்கிச் சேறாகும், திருவான்மியூர் மணலில் சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது கூட்டலாம். ஃப்ளஷில் 128, பாத்திரத்தில் (70இலிருந்து 32க்கு) 38, வாஷ் பேசினில் ஏரேட்டரால் 20, அலசல் தண்ணீர் 27, ஆர்.ஓ. கழிவில் தரை துடைத்தது 12. ஆக 225 லிட்டர்; 570 லிட்டர் வீடு 345க்கு வருகிறது. லாரி இரண்டரை நாளுக்குப் பதில் நாலேகால் நாள் தாங்கும். அந்த 225இல் மறுபயன்பாட்டின் பங்கு 39, ஆறில் ஒன்று. பக்கெட் தூக்கும் வேலை முழுவதும் அந்த ஆறில் ஒன்றுக்குத்தான்.

மீட்டர் ஏன் மாட்ட முடியவில்லை

செலவை எட்டாகப் பிரித்துக் கட்டும்வரை, இருவர் வாழும் வீடும் ஆறு பேர் வாழும் வீடும் ஒரே தொகைதான் கொடுக்கும், சண்டையும் வரும். வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று முடிவெடுத்துப் பிளம்பரைக் கூப்பிட்டால்தான் சிக்கல் தெரியும். சமையலறைக்கு ஒன்று, இரண்டு பாத்ரூமுக்கும் ஒவ்வொன்று என்று வீட்டுக்கு மூன்று லைன் தனித்தனியாக இறங்குவதால், எட்டு வீட்டுக்கு 24 மீட்டர் வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும், 0.4 கிலோவில் ஓடும் நான்காம் மாடி அதைத் தாங்காது. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாயில் ஒரே ஒரு மீட்டர், தினமும் காலையில் வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுதும் எண். யார் அதிகம் என்று அது சொல்லாது. ஆனால் 4,560 திடீரென்று 5,300 ஆனால் எங்கோ ஒழுகத் தொடங்கிவிட்டது என்று மறுநாளே சொல்லிவிடும்.

மொட்டை மாடி

மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகள் பல இன்று மண் மூடிப் பெயரளவில் கிடக்கின்றன. நம் மொட்டை மாடி 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 2,08,000 லிட்டர், பதினேழு லாரி. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுவதால் சம்பில் அடங்காது. அடங்கியது போக மீதி மண்ணுக்குள்.

முதல் மழையில் மாடித் தூசும் புறா எச்சமும் வரும். அதை ஒதுக்க மூன்றடி நீளத்தில் நாலங்குலக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அடியில் மூடி போட்டிருப்பார்கள். அது கொள்வது எட்டு லிட்டருக்கும் குறைவு. முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை ஒதுக்கவே 186 லிட்டர் கொள்ள வேண்டும். அந்தக் குழாய் ஒரு சம்பிரதாயம். 200 லிட்டர் டிரம் வைக்கலாம். அதை விட எளிது, இறங்கு குழாயில் இரண்டு வால்வு போட்டு, பருவத்தின் முதல் இரண்டு மழையை மொத்தமாக, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு கிணற்றுக்கு விட்டு, மூன்றாவதிலிருந்து சம்புக்குத் திருப்புவது. வால்வைத் திருப்ப ஒரு ஆள் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சம்புக்கு முன் இரண்டடிக்கு இரண்டடி மணல் வடிகட்டி கட்டுவதும் வழக்கம். மணல் படுகை சதுர மீட்டருக்கு மணிக்கு 5,000 முதல் 10,000 லிட்டர்தான் இறக்கும். இரண்டடிச் சதுரம் என்றால் அதிகபட்சம் 3,700. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் அடிக்கும் மழையில் இந்த மாடி 9,300 லிட்டர் அனுப்பும். வடிகட்டி நிரம்பிக் கார் நிறுத்துமிடத்தில் ஓடும், பிறகு யாரோ மணலையே அள்ளிப் போட்டுவிடுவார்கள். வடிகட்டிப் பெட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நாலங்குல வழிவாய் ஒன்று வைத்து, அதை உறிஞ்சு கிணற்றோடு இணைத்தால் இரண்டும் பிழைக்கும். புரட்டாசி முடிவதற்குள் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மொட்டை மாடித் துளை வாயில் வைத்த தட்டையான ஜாலியை ஒரு வேப்பிலைக் கொத்து போதும் அடைக்க. கூம்பு வடிவ ஜாலி அதே விலைதான், அடைத்தாலும் பக்கவாட்டில் வாங்கும்.